இருமல் தொடங்கிய தேதி

நோயாளியிடம் போய் "எத்தனை நாளா இருமல்?" என்று கேட்பது வெட்டி வேலை என்பாள் அவள். அப்படிக் கேட்டால் உலகத்தில் உள்ள இருமல் எல்லாம் பத்து நாள் இருமல்தான். முந்தாநாள் ஆரம்பித்தவரும் பத்து நாள் என்பார். இரண்டு மாதமாக இருமி விலா நொந்து கிடப்பவரும் பத்து நாள் என்பார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. உடம்புக்கு வந்ததை யாரும் நாள்காட்டியில் குறித்து வைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அவள் நாளைக் கேட்கமாட்டாள், நடந்ததைக் கேட்பாள். "மோட்டார் கெட்டுப்போய் தண்ணி வரலைன்னு சொன்னீங்களே, அன்னைக்கு இருமல் இருந்துச்சா? பொண்ணுக்குப் பரீட்சை ஆரம்பிச்ச அன்னைக்கு?" என்று படிப்படியாகப் பின்னால் இறங்கிப் போவாள். ஓர் இடத்தில் அந்த ஆள் நிற்பார். கண் கொஞ்சம் மேலே போகும். "இருங்க, அன்னைக்கு இல்லை. மாடியில துணி காயப்போட்டேன், நல்லாத்தான் இருந்தேன்" என்பார். அதற்கு மறுநாள்தான் தேதி. அதைப் படிவத்தில் எழுதும்போது, ஊசியில் நூல் நுழைந்துவிட்டதைப் போல அவளுக்கு ஒரு சின்ன நிறைவு வரும்.

சுகாதார அலுவலகத்தின் தொற்றுநோய்ப் பிரிவில் பதினெட்டு வருஷமாக இதே வேலை. நர்சுகள் அவள் முதுகுக்குப் பின்னால் 'தேதியம்மா' என்றார்கள். நாளடைவில் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

மற்ற நோய்களுக்கு எப்படியோ, கக்குவான் இருமலுக்குத் தேதிதான் எல்லாம். இருமல் இரண்டு வாரமாவது நீடித்திருக்க வேண்டும். அதோடு மூன்றில் ஒன்று சேர வேண்டும்: மூச்சு விடாமல் அடுக்கடுக்காக இருமுவது, இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது கூவுவது போன்ற சத்தம், இருமலின் முடிவில் வாந்தி. மூக்கு வழியாக மெல்லிய குச்சியை விட்டு எடுத்த சளியில் கிருமி அகப்பட்டால் நோய் உறுதி. அகப்படாவிட்டாலும், உறுதியான ஒரு நோயாளியோடு நெருங்கிப் பழகியவருக்கு அந்த இரண்டு வார இருமலும் அறிகுறியும் இருந்தால் அதுவும் உறுதிதான். மருந்து சாப்பிட்ட பிறகோ, நோய் வந்து மூன்று நான்கு வாரம் கழித்தோ குச்சி விட்டால் கிருமி பெரும்பாலும் அகப்படாது. அப்போது மிஞ்சுவது தேதி ஒன்றுதான். பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் விதி வேறு. அவர்களுக்குக் கூவுவதற்குப் பலம் இருக்காது. இருமுவதற்குப் பதிலாக மூச்சு நின்றுவிடும்.

அலுவலகத்துக்கு வெளியே இதெல்லாம் முழுசாகத் தெரிந்த ஓர் ஆள் உண்டு. அவள் தங்கை.

தங்கைக்கு வீட்டில் பெயர் பூனை. நாலு வயதில் பால்பவுடர் டப்பாவுக்குள் தலையை விட்டு, மூக்கு நுனியெல்லாம் வெள்ளையாக வந்து நின்று, "நான் தொடவே இல்லை" என்றவள். "இந்தப் பூனையும் பால் குடிக்குமா" என்று அப்பா சிரிக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பூனை இப்போது ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். இரண்டே அறைகள், பின்னால் பால் காய்ச்ச ஓர் அடுப்படி. உள்ளறையில் எட்டுத் தொட்டில்கள், வேலைக்குப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகள். வெளியறையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். ஒன்பது வருஷமாக ஒரு புகார் கிடையாது.

வருஷாவருஷம் புதிதாக வேலைக்கு வரும் களப்பணியாளர்களுக்கு அக்காதான் பயிற்சி கொடுக்க வேண்டும். கூட்டத்தில் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் முந்தின நாளே தங்கையின் சமையலறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பாள். பூனை காய் நறுக்கியபடி நோயாளியாக நடிப்பாள்.

"வாங்க டாக்டரம்மா, உக்காருங்க."

"நான் டாக்டர் இல்லை. ஒழுங்கா நடி."

"பத்து நாளா இருமல்ங்க."

"கடைசியா வெளியூர் போனது எப்போ?"

"எங்க போறது? என் புருஷன் எங்க கூட்டிட்டுப் போறார்?"

உள்ளேயிருந்து தங்கை புருஷன் குரல் கொடுப்பார். "கூப்பிட்டா வந்தாத்தானே."

ஒரு வருஷம், "பொய் சொல்ற ஆளா நடி பார்ப்போம்" என்றாள். பூனை முகத்தைப் பால்வடிய வைத்துக்கொண்டு சொன்ன பொய்யை அவள் மூன்றே கேள்வியில் பிடித்துவிட்டாள்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சே?"

"பொய் சொல்றவங்க வெறும் தேதியைச் சொல்வாங்க. மொட்டையா இருக்கும். நிஜமான தேதியில எப்பவும் எதாவது ஒட்டிக்கிட்டிருக்கும். மழையோ, சண்டையோ, கெட்டுப்போன மோட்டாரோ."

"ஓ" என்றாள் பூனை. காய் நறுக்குவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு, மறுபடி நறுக்கினாள்.

பிறகு ஒரு மாதம், இருபதாம் தேதி, எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கக்குவான் இருமல் என்று ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. சிறுமிக்கு இருமல் தொடங்கியது பத்தாம் தேதி. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் போகும் இடம் பூனையின் காப்பகம்.

பெரிய டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க தங்கச்சி நடத்துற இடமாமே. வேற யாரையாவது அனுப்பட்டுமா? சொந்தக்காரங்களை நாமே விசாரிக்கிறது வழக்கமில்லையே."

"வேண்டாம் சார். மத்தவங்க போனாத்தான் பயந்துகிட்டு எதையாவது விட்டுடுவா. என்கிட்ட மறைக்கமாட்டா."

சொன்னபோது அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது. பிற்பாடு அந்த வாக்கியத்தைத்தான் அவள் அடிக்கடி எடுத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை காப்பகத்துக்குப் போனாள். கதவைத் திறந்த பூனை முழங்கையை மடக்கி அதற்குள் ஒருமுறை இருமினாள். அக்கா சொல்லிக்கொடுத்த இருமல் முறை.

"நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்க்கா. பக்கத்துக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிச்சாங்களே, பதினஞ்சாந் தேதி? வாடை தாங்காம ஜன்னலையெல்லாம் சாத்தி வச்சோம். அன்னைக்கு சாயங்காலம் ஆரம்பிச்சதுதான் இது. அதுக்கு முன்னாடி ஒண்ணும் கிடையாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் நடந்ததோடு சேர்த்துத் தேதி சொன்ன முதல் ஆள் இவள்தான். களப்பணியாளர்களிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

"மருந்து எதாவது சாப்பிட்டியா?"

"இருமல் சிரப் மட்டும். இந்தா, பாட்டிலைப் பார்த்துக்கோ."

"இருமினதும் வாந்தி?"

"ஏன், விசேஷமான்னு கேக்கறியா? இந்த வயசுலயா?"

இருவரும் சிரித்தார்கள். குச்சி எடுக்க வேண்டும் என்றதும் பூனை மறுப்புச் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை அண்ணாந்து காட்டினாள். கண்ணில் தாரையாகத் தண்ணீர். "மூளையைத் தொட்டுட்டு வந்துட்டே" என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. கிருமி இல்லை. இருமல் ஆறே நாள், வாந்தி இல்லை, கிருமி இல்லை. பூனையின் பெயருக்கு நேராக 'நோய் இல்லை' என்று அவள் எழுதினாள்.

அந்த இரண்டு சொல்லால் ஓர் அறை தப்பியது, அல்லது தப்பியதாகத் தோன்றியது. சிறுமியோடு வெளியறையில் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் முன்தடுப்பு மருந்து கொடுத்தார்கள். சிறுமி உள்ளறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆகவே உள்ளறைக் கைக்குழந்தைகள் எட்டுப் பேருக்கும் மருந்து தேவையில்லை என்று முடிவாயிற்று. இரண்டு அறைக்கும் போய்வருவது பூனை ஒருத்திதான். அவளுக்கு நோய் என்றிருந்தால் கணக்கே வேறு.

இருபத்தெட்டாம் தேதி, உள்ளறையின் மூன்றாவது தொட்டிலில் கிடந்த ஆண் குழந்தைக்கு மூச்சு நின்றது. பத்து வாரக் குழந்தை. சளி பிடித்திருக்கிறதே என்று முதல் தடுப்பூசியை வாராவாரம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழந்தை கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தது. மூக்கில் குழாய், பாதத்தில் சிவப்பு வெளிச்சத்தோடு ஒரு கிளிப். சுங்கச்சாவடியில் வேலை பார்க்கும் தாய் சீருடையைக் கூட மாற்றாமல் நின்றிருந்தாள்.

"இருமவே இல்லைங்க. கொட்டாவி விடற மாதிரி வாயைத் திறந்தானாம். திறந்தது திறந்தபடியே இருந்ததாம். உதடெல்லாம் நீலம்." பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தங்கச்சிதான் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. பெத்தவ நான் மரம் மாதிரி நிக்கறேன், அவங்க அப்படி அழறாங்க."

முப்பதாம் தேதி முடிவு வந்தது. உறுதி.

குழந்தையின் வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை. வேறு எங்கும் தூக்கிப் போகவும் இல்லை. கிருமி நடந்தா வரும்? அவள் தாளில் வட்டம் போட்டு, கோடு இழுத்து, கோட்டை நிறுத்த இடம் தெரியாமல் பேனாவை வைத்தாள். வருகைப் பதிவை இன்னொருமுறை பார்க்கலாம் என்று மதியம் தங்கை வீட்டுக்குப் போனாள்.

பூனை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். தங்கை புருஷன் மட்டும் இருந்தார். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். சமையலறை மேஜை முழுக்கத் திருகாணிகளைப் பரப்பி வைத்திருந்தார். டீ போட்டுக் கொடுத்து, பிஸ்கட்டை நீட்டி, தானும் ஒன்றை எடுத்து இடதுபக்கக் கன்னத்தில் ஒதுக்கி மென்றார்.

"பார்த்தீங்களாக்கா, ஆடு மாதிரி ஒரு பக்கமாவே மெல்லறேன். பல்லு பிடுங்கினது மூணாந் தேதி, இன்னும் கூசுது."

"நீங்க பல்லுன்னா குழந்தைக்கு மேல பயப்படுவீங்களே தம்பி."

"அதை ஏன் கேக்கறீங்க. டாக்டர் வாய் நிறையப் பஞ்சை வச்சு, ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டார். வீட்டுக்குள்ள வந்தா இவ வாஷ்பேசின்ல குனிஞ்சு நிக்கறா. இருமி இருமி, சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்துடுச்சு. மூஞ்சி ரத்தமா சிவந்து கிடக்கு. என்னாச்சுன்னு கேக்கக்கூட வாய் இல்லாம நான் 'ம்ம்ம், ம்ம்ம்'னு முதுகைத் தடவறேன். என்னைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. சிரிச்சா இன்னும் இருமல். ரெண்டு ஊமைங்க குடித்தனம் பண்ற மாதிரி ஆயிடுச்சு."

அவர் சிரித்தார். அவள் டீக் கோப்பையை மேஜையில் வைத்தாள். ஒரு திருகாணி உருண்டு கோப்பையின் அடியில் போய் நின்றது.

"மூணாந் தேதியா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"சீட்டே இருக்கே." இழுப்பறையைத் திறந்து பல் டாக்டரின் அட்டையை எடுத்து நீட்டினார். தேதியும் நேரமும் மை கலையாமல் இருந்தன. "அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே இருமல்தான். அவ இருமலும் என் பல்வலியும் போட்டி போட்டுச்சு. நீங்க குடுத்த மாத்திரையிலதான் ஒரு வழியா அடங்குச்சு."

"நான் குடுத்த மாத்திரையா?"

"அஞ்சு நாள் மாத்திரை. அந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் எடுக்கறாங்கன்னு அவ அம்மா வந்து சொன்ன அன்னைக்கே ஆரம்பிச்சாளே. பதினேழாந் தேதி. அக்கா குடுத்தான்னாளே." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிஸ்கட் மெல்வது நின்றது. "இல்லையா?"

பதினேழிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். இருபத்தொன்று, ஐந்தாம் நாள். ஐந்தாவது மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் மூக்கை நீட்டியிருக்கிறாள்.

கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. வந்தது ஒருவகைக் கூச்சம். ஊரார் முன்னால் புடவை அவிழ்ந்து நின்றவளுக்கு வருமே, அது. மாத்திரையைக் கூட அவள் மன்னித்துவிடுவாள் என்று தோன்றியது. பயம் யாரையும் மாத்திரை விழுங்க வைக்கும். ஆனால் அந்தப் பெயின்ட்? யாரும் கேட்காமலே, ஜன்னலைச் சாத்தி, வாடையைச் சேர்த்து, அழகாகக் கட்டிக் கையில் கொடுத்த தேதி. அக்காவுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து சமைத்துப் போட்டதைப் போல. அவளும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பூனை உள்ளே வந்தாள். அக்காவைப் பார்த்துச் சிரிக்கப் போனவள் மேஜைமேல் கிடந்த பல் டாக்டர் அட்டையைப் பார்த்தாள்.

"குழந்தை இன்னைக்குக் கண்ணு திறந்தான்க்கா" என்றாள்.

"இருமல் எப்ப ஆரம்பிச்சது?"

"குழாயை நாளைக்கு எடுத்துடலாம்னு சொல்றாங்க."

"நான் அதைக் கேக்கலை."

"நீ எதைக் கேக்கறேன்னு தெரியும்." பூனை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "போன வருஷம் அம்மை வந்துச்சுன்னு ஒரு காப்பகத்தை மூணு வாரம் மூடினீங்களே. திரும்பத் திறந்தப்ப ஒரு தாய்கூட வரலை. இதே இடத்துல உக்காந்துதான் சொன்னே. சிரிச்சுக்கிட்டே சொன்னே."

"நான் சிரிக்கலை."

"சிரிச்சேக்கா. நாளெல்லாம் அலைஞ்ச களைப்புல, அந்தம்மா காலி அறையில பெருக்கிக்கிட்டே நின்னாங்கன்னு சொல்லிச் சிரிச்சே. நான் கத்தியைக் கீழ வச்சிட்டு உன்னையே பார்த்தேன். உனக்குத் தெரியாது."

"எட்டுக் குழந்தைங்க பூனை."

"அஞ்சு நாள் மாத்திரை போட்டா அப்புறம் பரவாதுன்னு நீதானே சொல்லியிருக்கே."

"அதுக்கு முன்னாடி மூணு வாரம் அத்தனை பேரையும் தூக்கி வச்சிருந்தியே."

"அப்ப எனக்குத் தெரியாது. சாதா இருமல்னு நினைச்சேன். அந்தப் பொண்ணுக்கு டெஸ்டுன்னு கேட்டதும்தான் எனக்கு உறைச்சுது."

"அன்னைக்கு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். ஒரே ஒரு போன். எட்டுப் பேருக்கும் மருந்து குடுத்திருப்பேன்."

"பண்ணா யார் எடுப்பா? அக்காவா, தேதியம்மாவா?"

தங்கை புருஷன் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். "நான் பல்லு பிடுங்கின கதையைத்தான் சொன்னேன்" என்றார் யாரிடம் என்றில்லாமல்.

அவள் எழுந்தாள். அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். கேட்காமல் போனால் நல்லது என்று அவளுக்கே தெரிந்தது.

"அந்தப் பெயின்ட்டை ஏன் சொன்னே? வெறும் தேதியைச் சொல்லியிருக்கலாமே."

பூனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கபடம் துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"அப்பதானேக்கா நீ நம்புவே."

அலுவலகத்துக்குத் திரும்பியபோது நான்கு மணி. பூனையின் படிவத்தை எடுத்தாள். படிவத்தில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது; பழையது படிக்கும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'பதினைந்து' என்பதை அடித்தாள். ஒரு வாரம் முன்னாடியே என்று தங்கை புருஷன் சொன்னதை எழுதவில்லை. அது அவர் சொல். அட்டையில் இருப்பதை எழுதினாள். மூன்றாம் தேதி. குச்சி எடுத்த நாளுக்குப் பதினெட்டு நாள் முன்பு. இருமலின் முடிவில் வாந்தி, உண்டு. முன்பே மருந்து சாப்பிட்டாரா, ஆம். தகவல் தந்தவர், கணவர். உறுதியான நோயாளியோடு தொடர்பு, உண்டு. அவள் கையாலேயே 'நோய் இல்லை' என்று எழுதிய இடத்தில் 'உறுதி' என்று எழுதினாள்.

கணினியில் பட்டியலைத் திறந்து தேதியை மாற்றினாள். பட்டியல் இருமல் தொடங்கிய தேதிப்படி அடுக்கப்படுவது. அடுக்கும் பொத்தானை அழுத்தியதும் பூனையின் வரி கீழேயிருந்து எழும்பி, சிறுமியின் வரியையும் தாண்டி, முதல் இடத்தில் போய் உட்கார்ந்தது. சிறுமிக்கும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பெரிய டாக்டரிடம் போய் நின்று, நடந்ததை வரிசையாகச் சொன்னாள். முதல் விசாரணையைத் தான் செய்தது தவறு என்பதையும் சொன்னாள். அவர் ஒன்றும் திட்டவில்லை. "ஏழு குழந்தைங்களுக்கும் நாளைக்குக் காலையிலேயே மருந்து போயிடணும். விசாரணைக்கு வேற ஆள் போகட்டும்" என்றார். பிறகு, "நீங்க வீட்டுக்குப் போறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவான குரல்தான் அவளைக் குத்தியது.

காலையில் காப்பகத்தின் கதவில் 'மூன்று வாரம் விடுமுறை' என்று தாள் ஒட்டியிருந்தது. பூனையின் கையெழுத்து. தாய்மார்கள் ஏழு பேரும் குழந்தைகளோடு வெளியறையில் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணைக்கு வந்தவர் ஓய்வுக்கு ஏழு மாதமே இருக்கும் ஆய்வாளர். வெயிலோ மழையோ குடையில்லாமல் வெளியே கிளம்பாததால் எல்லாருக்கும் அவர் குடை சார். அவர் பூனையோடு அடுப்படிப் பக்கம் போய் உட்கார்ந்தார். அவள் உள்ளறையில் ஒவ்வொரு குழந்தையாக எடை பார்த்து, எடைக்குத் தக்க மருந்தை அளந்து, கன்னத்தின் உட்பக்கமாகச் சொட்டுவிட்டாள்.

"எடை நோட்டு எங்க இருக்கு?" என்று கேட்டாள், கதவைப் பார்த்து.

"மேஜை மேல இருக்கு மேடம்" என்றது பூனையின் குரல்.

மேடம். நாற்பத்தொரு வருஷத்தில் முதல்முறை. அவள் நோட்டை எடுத்தாள். கையிலிருந்த குழந்தை அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

மெல்லிய சுவர். எல்லாம் கேட்டது. குடை சார் ஒவ்வொன்றாகக் கேட்க, பூனை மறைக்காமல் சொன்னாள். மூன்றாம் தேதிக்கு முன்பே இருமல். வாந்தி நாலைந்து தடவை. மாத்திரை, தெரிந்த மருந்துக்கடையில் வாங்கியது.

"இருமல் இருக்குன்னு அப்ப யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

பாத்திரம் ஒன்று நகரும் சத்தம் கேட்டது.

"எங்க அக்காகிட்ட. ஒன்பதாந் தேதி போன்ல. பேச முடியாம இருமல் வந்து, இருமி முடிச்சு மறுபடி பேசினேன். 'வெந்நீர் குடி'ன்னாங்க."

சொட்டுக்குழாய் அவள் கையில் அப்படியே நின்றது. பொய் என்றுதான் முதலில் நினைத்தாள். முதுகில் இன்னொரு குத்து. பிறகு, தான் மற்றவர்களை இறக்கிவிடும் படிகளில் தானே இறங்கினாள். ஒன்பதாம் தேதி. மேஜையில் படிவக் கட்டு. காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். அந்தப்பக்கம் இருமல், ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து, நடுவில் மூச்சுக்கு இடமில்லாமல். பேனாவைத் திறந்தபடி அது முடியட்டும் என்று அவள் காத்திருந்தாள். நேரமாகிறதே என்ற எரிச்சல் மட்டும்தான் இருந்தது. பதினெட்டு வருஷமாக அந்தச் சத்தத்தை மூடிய கதவுக்கு வெளியே நின்றே இனம் கண்டவள். கேட்டிருக்கிறாள். தங்கை என்பதால் அது காதோடு நின்றுவிட்டது.

இதைச் சொல்லிப் பூனை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாளா, பழிதீர்க்கிறாளா, கேட்டதற்குப் பதில் சொல்கிறாளா? அவளுக்குத் தெரியவில்லை. நேற்று மதியம் வரை தங்கையின் மனதில் என்ன ஓடுகிறது என்பது தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

குடை சார் உள்ளறை வாசலில் வந்து நின்றார். கையில் படிவம், முகத்தில் தர்மசங்கடம்.

"காதுல விழுந்திருக்கும். இதுக்குப் படிவத்துல கட்டம் இல்லை மேடம். விட்டுடட்டுமா?"

விட்டுவிடலாம். அவர் விடத் தயாராக இருந்தார். அவளுக்கு அது புரிந்தது. அவருக்குப் பின்னால் பூனை அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்று.

"பின்பக்கத்துல எழுதுங்க" என்றாள்.

"நிஜமாவே சொன்னாங்களா? ஒன்பதாந் தேதிதானா?"

"ஒன்பதாந் தேதிதான். நம்ம ரூம்ல மின்விசிறி கழண்டு விழுந்துச்சே சார், ஃபைல் மேல? அது விழுந்த சத்தத்துலதான் நான் போனை வச்சேன்."

குடை சாரின் கண் கொஞ்சம் மேலே போனது. "ஆமா" என்றார். "அன்னைக்குத்தான்."

அவர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, படிவத்தைத் திருப்பிச் சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தார். அவள் அடுத்த குழந்தைக்கு மருந்தை அளந்தாள்.